செண்பகம் பூக்கவில்லையா? அடிமரத்தைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறோம். ஏற்காடு போய்த் திரும்பும் வழியில், ‘ஒட்டுச் செண்பகம், இரண்டே வருடத்தில் பூக்கும்’ என்று சொன்னவரிடம் கன்று வாங்கி நட்டோம். ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மாடி உயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. தளிர்களும் மஞ்சளாக இருக்கின்றன. மருந்து ஊற்றிப் பூக்க வைப்பதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா, மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. ஒட்டு என்று சொல்லி உங்களிடம் விதை நாற்றை விற்றிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பூத்த மரத்தின் குச்சியை எடுத்து ஒரு நாற்றின் மேல் ஒட்டிய கன்று 2, 3 ஆண்டுகளில் பூத்துவிடும். விதையிலிருந்து வந்தது பூக்க 8 முதல் 10 ஆண்டுகள்கூட ஆகலாம். உங்கள் மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

தரையிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரம்வரை அடிமரத்தைத் தடவிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் முடிச்சோ சாய்வான தழும்போ இருக்கும். ஒரே சீராக மேலே போனால் அது நாற்றுதான்.

தழும்பு இருந்தும் பூக்காத மரங்கள் உண்டு. நட்ட முதல் கோடையில் மேலே ஒட்டிய குச்சி காய்ந்துபோகும். கீழே இருக்கும் வேர்ச்செடி துளிர்க்கும். செடி பிழைத்துக்கொண்டது என்று வீட்டில் மகிழ்ச்சியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வளர்வது ஒட்டு அல்ல, பழைய நாற்று. அதனால் தழும்பைக் கண்டதும் நின்றுவிடாமல், இப்போதிருக்கும் தண்டு அதற்கு மேலிருந்து கிளம்புகிறதா, கீழிருந்தா என்று பாருங்கள். கீழிருந்து என்றால் நாற்றைப் போலவே காத்திருக்க வேண்டும். மேலும் கீழும் உயிரோடு இருந்தால், கீழே கிளம்பிய போத்தை, அதாவது துளிர்க் கிளையை, அடியோடு அறுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஒட்டை அது அமுக்கிவிடும்.

இனி அந்த மருந்துக்காரர். மாந்தோப்புகளில் காய்ப்புக்காக வேரில் ஊற்றும் பாக்ளோபியூட்ரசாலாக அவருடைய மருந்து இருக்கலாம். வளர்ச்சியை ஒடுக்கும் இரசாயனம் அது. மண்ணிலும் நெடுநாள் தங்கும். வயது வராத செண்பகத்தில் ஊற்றினால் கிளை குறுகி நிற்கும், பூ வராது. பட்டையைச் சீவுவது, ஆணி அடிப்பது எல்லாம் மரத்தைப் புண்ணாக்கும் வேலை. யாரையும் மரத்தின் அருகே விடாதீர்கள்.

மஞ்சள் நிறம் தனிச் சங்கதி. தளிரில் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். செண்பகம் சற்றே அமிலத் தன்மையுள்ள, ஈரம் காக்கும், நீர் தேங்காத மண்ணை விரும்பும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அது செழிப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே கடின ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் வெளுக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலைகளில் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. மழைநீரைச் சேமிக்க முடிந்தால் இந்த மரத்துக்குக் கொடுங்கள். அடியில் மக்கிய எருவும் சருகும் போதும். சாம்பலும் சுண்ணாம்பும் கூடாது. யூரியா போட்டால் இலைதான் பெருகும்.

நெல் விதை மூட்டையில் முளைப்புத் திறன்வரை அச்சிட வைக்கிறார்கள். பத்தாண்டு காக்க வைக்கும் பூமரக் கன்றின் பையில் ஒட்டா, நாற்றா என்று ஒரு சொல் எழுத வைக்க யாருக்கும் அக்கறை இல்லை. மரம் நடும் விழாக்களில் இலவசமாகக் கொடுப்பதிலும் இதே கதை. ஏமாந்தது தெரிவதற்குள் விற்றவர் எங்கே இருப்பாரோ!

காத்திருக்க மனமில்லையென்றால், இந்த மரத்தை விட்டுவைத்து, வெயில் விழும் வேறொரு மூலையில் இன்னொரு கன்று நடுங்கள். தண்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்; வெறும் நாற்றிலும் அதைச் சுற்றலாம். நாடாவைப் பிரித்து இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். பையிலேயே மொட்டுப் பிடித்த கன்றாகப் பார்த்து எடுங்கள்; ரசீதில் ‘ஒட்டுக் கன்று’ என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.