மீன் வாடையே வேண்டாம் என்கிற அப்பாவுக்கு

மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் சீட் இல்லை. அம்மா அழுதார். "விடுங்கம்மா, வழி இருக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அப்பா, "மச்சான் வெளிநாட்டுல டாக்டர் சீட்டு வாங்கித் தரேங்குறாரு. மனைய வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். என் ஆறுதல் அத்தோடு சரி.

அண்ணே, குறைந்தது 54 மாதப் படிப்பு, மேலே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தும் தகுதித் தேர்வில் தேறினால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம். தேறாவிட்டால் மனையும் போச்சு. மச்சானா திருப்பித் தருவார்?

இன்ஜினியரிங், நர்சிங் பற்றி உங்கள் தெருவிலேயே ஆயிரம் பேர் சொல்வார்கள், நான் எதற்கு?

லீவில் என்ன செய்வாய் என்று பெண்ணைக் கேட்டேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் சித்தப்பாவின் இறால் பண்ணைக்குப் போவாளாம். "விடியக்காலைலதான் சார் தண்ணில ஆக்சிஜன் குறையும். அப்ப தண்ணில காத்தக் கலக்குற ஏரேட்டர் நின்னுச்சுன்னா இறால் மேல வந்துடும்." அரைமணி நேரத்தில் அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

இவளுக்கு பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல். நான்கு வருடம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரியில் கல்லூரிகள். தூத்துக்குடிக் கல்லூரி 1977லிருந்தே இருக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. குஞ்சு பொரிப்பகம், தீவனம், இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய், பதப்படுத்துதல் என்று கையை நனைத்துப் படிக்கிற படிப்பு. 2009க்குப் பிறகு வனாமி என்கிற வெளிநாட்டு இறால் வகை வந்ததிலிருந்து, குளத்துத் தண்ணீரைச் சோதித்து நோயை முன்கூட்டியே சொல்லும் ஆளுக்கு மதிப்பு. மீன்வள ஆய்வாளர் தேர்வு எழுதலாம். மேற்படிப்புக்கு மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

"சுனாமில படகு, வலை எல்லாம் போச்சு. மீன் வாடையே வேணாம்னுதான படிக்க வெச்சேன்?" என்றார் அப்பா. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்கள் வலி அண்ணே, அவள் தலையில் ஏற்றாதீர்கள். பொட்டப்புள்ள ஹாஸ்டல், சொந்தக்காரர் பேச்சு, இதெல்லாம் வெறும் சாக்கு.

பெண்ணையும் விடவில்லை. "இன்னொரு வருஷம் நீட் எழுதிப் பாக்குறேன் சார்" என்றாள். முடிவெடுக்கப் பயந்துகொண்டு வருடத்தைத் தள்ளுகிறாயம்மா என்றேன்.

சீட் நிச்சயமா என்றால், இல்லை, போட்டி கடுமை. அதனால் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் விலங்கியலுக்கும் ஒரு விண்ணப்பம் போடச் சொன்னேன். போகும்போது அப்பா, மீனவர் அட்டையின் நகல் எத்தனை வேண்டும் என்று கேட்டார்.