ஓய்வு பெற்ற பிறகு வீடு, தோட்டம், நண்பர்கள் என்று இருந்தால் போதாதா?

போதும். ஆனாலும் நீங்கள் கேட்டிருக்கும் விதம் என்னைச் சும்மா விடவில்லை. "இன்னும் இரண்டே ஆண்டு, அப்புறம் வீடு, தோட்டம், பழைய நண்பர்கள் என்று நிம்மதியாக இருக்கப் போகிறேன், வேறு ஏதாவது திட்டமிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலண்டரில் நாள்களை அடித்துக்கொண்டு வருபவர் என்று நினைக்கிறேன். நானும் அடித்தேன். கடைசி ஆறு மாதம், யாரும் பார்க்காதபடி மேசை டிராயருக்குள் ஒரு காலண்டர் ஒட்டியிருந்தேன்.

பணத்தைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. கணக்குப் பிரிவில் 31 ஆண்டு இருந்தவள்தான், இருந்தாலும் அதைச் சொல்ல நூறு பேர் வருவார்கள்.

முதலில் வீடு. என் வீட்டுக்காரர் எனக்கு மூன்று ஆண்டு முன்பே ஓய்வு பெற்றவர். நான் காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்பிய அந்த மூன்று ஆண்டில், வீட்டை அவர் தன் வழிக்குக் கொண்டுவந்திருந்தார். எந்த ஜன்னலை எப்போது திறப்பது, நாளிதழை எங்கே மடித்து வைப்பது, மதியம் எத்தனை மணிக்கு வீடு அமைதியாக வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. எனக்குத்தான் தெரியாது. ஓய்வு பெற்ற முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மிக்சியைப் போட்டேன். சமையலறை வாசலில் வந்து நின்று, "இது நான் படிக்கிற நேரம், அரை மணி கழிச்சுப் போட்டுக்கயேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். புதிதாகக் குடிவந்தவளிடம் வீட்டுச் சொந்தக்காரர் சொல்வது போல அவ்வளவு பொறுமையாகச் சொன்னார்.

அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இதைப் படித்தால் முதலில் சிரிப்பவர் அவர்தான். நாலைந்து மாதம் முட்டி மோதி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலை 10 முதல் 12 வரை ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதில்லை. அவர் கீழே, நான் மொட்டை மாடியில். உங்கள் வீட்டிலும் பகல் நேரத்தில் யாராவது இருந்தால், அந்தப் பகல் இப்போது அவருடையது. ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்து பாருங்கள், புரியும்.

முதல் இரண்டு மாதம் எனக்கும் திருவிழாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஓய்வுக்காலத்தை ஆராய்ந்த ராபர்ட் அட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களிலேயே அந்தக் கட்டத்துக்குத் 'தேனிலவு' என்று பெயர் வைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் வருவதற்கு அவர் வைத்த பெயர் 'ஏமாற்றம்'. எல்லோருக்கும் வரும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வந்தது, தோட்டத்தில்.

வேலையில் இருந்தபோது மாடியில் ஒரே ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தது. ஞாபகம் வந்தால் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவேன். அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றதும் ஒரே வாரத்தில் 22 தொட்டி வாங்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, இரண்டு வகை மல்லிகை. காலையில் ஒரு முறை தண்ணீர், சாயங்காலம் ஒரு முறை, நடுவில் மனசு கேட்காமல் ஒரு முறை. மூன்றாவது வாரம் தக்காளி இலைகள் தொங்கிவிட்டன. ஐயோ, தாகம் என்று இன்னொரு குவளை ஊற்றினேன்.

கடைசியில் ஒரு செடியைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று வந்தது, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிச்சம். சாக்கடை வாசனை. வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும் என்பதை 60 வயதில்தான் தெரிந்துகொண்டேன். மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்தெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் ஆக்சிஜன் போக வழியில்லாமல் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி, தாகத்தில் வாடுவது போலவே வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம்.

இப்போது விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தக்காளியின் அடிப்பாகம் கறுத்துப் போனால் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்லி ஆயிரம் வீடியோ இருக்கிறது. நானும் போட்டேன். ஒரு வருஷம் கழித்து மண்ணைக் கிளறினால் ஓடு போட்டபடியே கிடக்கிறது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கத்தான் செய்கிறதாம். ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று நாம் தண்ணீர் விடுவதால் அது காய் வரை போய்ச் சேர்வதில்லை. முட்டை ஓட்டுக் கட்சிக்காரர்கள் கீழே சண்டைக்கு வரலாம், நான் பதில் போட மாட்டேன்.

22 தொட்டியில் இப்போது இருப்பது ஒன்பது. ஈர மண் நிரம்பிய 20 லிட்டர் தொட்டி 30 கிலோவைத் தாண்டும். அதை இழுத்து நகர்த்தப் போய் இடுப்பு பிடித்துப் பத்து நாள் படுத்திருந்தேன் என்பதையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே உறவுக்காரர்கள். "சும்மாதானே இருக்கீங்க" என்று தொடங்கும் எந்தத் தொலைபேசி அழைப்பும் ஒரு வேலையில்தான் முடியும். யார் வீட்டுக்கோ பிளம்பர் வருகிறார், போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரம் யாருக்கும் கணக்கில் வராது. அலுவலகத்திலும் அப்படித்தான். விடைபெறும் நாளில் எனக்குக் கொடுத்த கேடயத்தில் என் தலைப்பெழுத்தே தப்பு. மாதாமாதம் அத்தனை பேர் சம்பளத்தையும் ஒரு பைசா பிசகாமல் போட்டவளுக்கு ஓர் எழுத்தைச் சரிபார்க்க ஆள் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுத வேண்டும் போல இருந்தது.

சரி, நண்பர்கள். 'பழைய நண்பர்கள்' என்று நீங்கள் எழுதியதில் பாதிப் பேராவது அலுவலக நண்பர்களாக இருப்பார்கள். எனக்கு அப்படி ஒருத்தி. பக்கத்து நாற்காலி, 19 ஆண்டு, மதியச் சாப்பாடு ஒரே மேசையில். எனக்கு எட்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றாள். நானும் வந்ததும் தினமும் பேசினோம். முதல் மூன்று வாரம் அலுவலக வம்பு ஓடியது. அப்புறம் அதுவும் தீர்ந்தது.

"அப்புறம்?" என்பாள்.

"அப்புறம் நீதான் சொல்லணும்."

"இங்க ஒண்ணும் இல்லப்பா."

"சரி, வைக்கட்டுமா?"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பின்னால் படித்தேன். சாதாரண நட்பாகவே 50 மணி நேரம் போல ஆகும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்கிறது. சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்துக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை, சிரித்துப் பேசிக் கழிக்கும் நேரம்தான் சேர்கிறதாம். எங்கள் 19 ஆண்டைக் கழித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைகூடப் பாதி வவுச்சர் பேச்சுதான்.

மனிதர்களையும் மணிக்கணக்கில் அளக்கலாமா என்று கேட்பீர்கள். அளக்க முடியாதுதான். ஆனால் அந்த "அப்புறம்?" என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

அதனால் ஒருநாள், இருக்கும் ஒரே அனுபவத்தை வைத்து, "செம்பருத்தி பதியன் வேணுமா?" என்று கேட்டேன். வந்தாள். பென்சில் கனத்தில் மூன்று குச்சி, ஒரு சாண் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டுக் கொடுத்தேன். வேலைநாள் ஒன்றில், பகலில், அவள் என் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் பையன் விஷயம், அவள் முட்டிவலி, என் மிக்சி என்று பேசிப் பேசி இருட்டிவிட்டது. அன்றிலிருந்து வியாழக்கிழமை அவள் வருவாள், இல்லையென்றால் நான் போவேன்.

திட்டம் என்று கேட்டதால் சொல்கிறேன். இரண்டு ஆண்டு காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தொட்டி வையுங்கள், 22 வேண்டாம். அலுவலகத்தில் உங்களுக்குப் பிடித்த ஒருவரை, வேலையைப் பற்றி வாயே திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே சந்தித்துப் பாருங்கள். பேச்சு ஓடுகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.

கொடுத்த மூன்று குச்சியில் இரண்டு காய்ந்துவிட்டன. ஆறாவது வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி, "மூணாவதுல இலை விட்டுடுச்சு, பாரு!" என்று படம் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். குச்சிக்கு ஒரு விரற்கடை தள்ளி, மண்ணிலிருந்து வந்திருக்கிறது. களை. வியாழக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று, "அட, ஆமா!" என்று மட்டும் போட்டேன்.