இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது சொலிசிட்டர் என்னதான் செய்வார்?

"இங்கிலாந்தில் முதல்முறையாக வீடு வாங்கப் போகிறோம். சொலிசிட்டர் எதற்கு, எவ்வளவு செலவு, எவ்வளவு நாள் இழுக்கும், எஸ்டேட் ஏஜென்ட் கைகாட்டும் ஆளையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஏஜென்ட் காட்டும் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஏஜென்ட் விற்பவரிடம் காசு வாங்குபவர். ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு அந்த சொலிசிட்டர் அலுவலகத்திடமிருந்தும் பெரும்பாலும் கமிஷன் வரும். அந்த ஆள் நல்லவராகவும் இருக்கலாம், அது வேறு. யாரை எடுத்தாலும், சொலிசிட்டர் (வழக்கறிஞர்) என்றால் அவர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் பதிவேட்டிலும், லைசென்ஸ்டு கன்வேயன்சர் (சொத்து மாற்ற வேலைக்கென உரிமம் பெற்றவர்) என்றால் அவர்களைக் கண்காணிக்கும் சி.எல்.சி. அமைப்பின் பதிவேட்டிலும் இருக்கிறாரா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் பேனலிலும் (வங்கி ஏற்றுக்கொண்ட அலுவலகங்களின் பட்டியல்) அந்த அலுவலகம் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதே ஆள்தான் வங்கிக்காகவும் வேலை பார்ப்பார். கடனைப் பாதிக்கும் விஷயம் எதையாவது நீங்கள் அவரிடம் சொன்னால், வங்கிக்கும் சொல்ல வேண்டும் என்பார். நீங்கள் சம்மதிக்காவிட்டால் விலகிக்கொள்வார்.

சரி, அவர் வேலை என்ன? ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, மூலப்பத்திரம் சரிபார்ப்பது, கிரயப்பத்திரம் எழுதுவது, பதிவுக்குக் கொண்டுபோவது எல்லாம் இங்கே அந்த ஒருவர் தலையில். ஆனால் அவர் பார்ப்பது காகிதத்தை மட்டும்தான். வீட்டைப் பார்க்க வரமாட்டார். கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்பதெல்லாம் சர்வேயர் வேலை, அவருக்குத் தனிக் காசு. வங்கி அனுப்பும் வேல்யுவேஷன் வங்கிக்காகத்தான், அதை சர்வே என்று நம்பிவிடாதீர்கள். கவுன்சில் சர்ச்சும் (உள்ளூராட்சி நிர்வாகத்திடம் சொலிசிட்டர் கேட்டு வாங்கும் விவரம்) பெரும்பாலும் நீங்கள் வாங்கும் வீட்டைப் பற்றித்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் இரண்டு மாடி எழுப்ப அனுமதி கேட்டிருந்தால் அதில் வராது. கவுன்சில் இணையதளத்தில் அந்தத் தெருவின் பிளானிங் விண்ணப்பங்களை நீங்களே தேடுங்கள், இலவசம்தான்.

அதனால் நேரில் பார்த்ததை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கிய வீட்டில் லாஃப்ட்டை (கூரைக்கு அடியில் உள்ள பரணை) அறையாக மாற்றியிருந்தார்கள். நான் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் சொலிசிட்டர் அதற்கு பில்டிங் ரெகுலேஷன் சான்றிதழ் (கட்டட விதிகளின்படி செய்ததற்கான சான்று) எங்கே என்று கேட்டார். விற்பவரிடம் இல்லை. பதிலுக்கு, "இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்றார்கள். இது இங்கே அடிக்கடி நடப்பது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்குத்தான் அந்த பாலிசி, உத்தரம் தாங்குமா என்பதற்கு அது பொறுப்பல்ல. இன்னொன்று, அவசரப்பட்டு நீங்களே கவுன்சிலுக்கு போன் செய்து கேட்டுவிட்டால் பாலிசி கிடைக்காமலே போகலாம். நாங்கள் பாலிசியையும் வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் கூட்டிப்போய்க் காட்டினோம்.

நம் ஆட்களுக்கு நிஜமான தலைவலி பணத்தில்தான். டெபாசிட் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் துருவித் துருவிக் கேட்பார். கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி அவர் கேட்டே ஆக வேண்டும். என் மாமனார் ஊரில் ஒரு மனையை விற்றுப் பணம் அனுப்பினார். கிரயப்பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அவருடைய வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட், "இது அன்பளிப்பு, கடன் அல்ல, வீட்டில் பங்கு கேட்கமாட்டேன்" என்று ஒரு கடிதம், எல்லாம் கேட்டார்கள். "ஏன் மாப்பிள்ளை, நான் என்ன திருடியா அனுப்பினேன்?" என்று மாமாவுக்குக் கோபம். உங்கள் வீட்டிலும் இது நடக்கும், முன்கூட்டியே பேசி வையுங்கள். சீட்டு எடுத்த பணம், நண்பரிடம் கைமாற்று வாங்கியது, ரொக்கமாகச் சேர்த்தது என்றால் இன்னும் சிக்கல். வீடு தேட ஆரம்பிக்கும் முன்பே சொலிசிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. உண்மையில் திருப்பித் தர வேண்டிய கடனை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்காதீர்கள்; அது வங்கியை ஏமாற்றும் குற்றம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஊரில் இருக்கும் வீடு. முதல் வீட்டுக்கான ஸ்டாம்ப் டியூட்டி சலுகை, இதுவரை உலகில் எங்கேயும் வீடு வைத்திருந்திராதவருக்குத்தான். அப்பா வழியில் வந்த பங்கும் கணக்கில் சேரும். கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கினால் இருவருக்கும் இது பொருந்த வேண்டும். வெறும் மனை மட்டும் என்றால் கவலையில்லை. 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் 4,50,000 பவுண்டு வீட்டுக்கு முதல்முறை வாங்குபவர் கட்டுவது 7,500 பவுண்டு. சலுகை இல்லையென்றால் 12,500. சென்னையில் உங்கள் பெயரில் ஒரு ஃப்ளாட் இருந்து, அதன் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால், 5 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 35,000 ஆகிவிடும். சொலிசிட்டர் ஒரு படிவத்தில் ஒரு வரியில் இதைக் கேட்பார். பலர் இங்கிலாந்து வீட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்று டிக் செய்துவிடுகிறார்கள். வேல்ஸில் வரியே வேறு. ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு.

செலவு: வழக்கமான வீட்டுக்கு சொலிசிட்டர் ஃபீஸ் சுமார் 1,000 முதல் 2,000 பவுண்டு, அதன்மேல் 20 சதவீதம் வாட், சர்ச்சுகளுக்குச் சில நூறு, லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துப் பதிவு அலுவலகம்) கட்டணம் தனி. மிகக் குறைந்த ஃபீஸ் விளம்பரங்களில் லீஸ்ஹோல்டுக்கு (நிலம் வேறொருவருடையது, வீடு நீண்டகாலக் குத்தகையில்) இவ்வளவு, அன்பளிப்புப் பணம் வந்தால் இவ்வளவு என்று பின்னால் ஏறும். முழுத் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். ஃப்ளாட் என்றால் லீஸ் எத்தனை வருடம் மிச்சம் என்பதை முதலில் பாருங்கள். 80 வருடத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்க ஆகும் செலவு கூடும், சில வங்கிகளும் தயங்கும்.

காலம் என்றால் மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர் தனக்கு வேறு வீடு வாங்க, அதை விற்பவர் இன்னொன்று வாங்க என்று சங்கிலியாக வேறு வீடுகள் மாட்டியிருந்தால் இன்னும் கூட. விற்பவர் உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சட்டப்படி மதிப்பில்லை. எக்ஸ்சேஞ்ச் (கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது) நடக்கும்வரை அவர் வேறொருவருக்கு அதிக விலைக்குக் கொடுக்கலாம், நீங்களும் விலகலாம். எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு சொலிசிட்டர்கள் போனில் பேசி முடிக்கும் விஷயம். நீங்கள் அந்த நேரம் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பீர்கள். அதன்பிறகு பின்வாங்கினால் வழக்கமாக விலையில் 10 சதவீதமான டெபாசிட் போய்விடும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அன்றிலிருந்தே வீட்டுக்கு ஆபத்து உங்கள் பொறுப்பு, ஆகவே பில்டிங் இன்ஷூரன்ஸை எக்ஸ்சேஞ்ச் தேதிக்கே தொடங்குங்கள்.

பணம் அனுப்பும்போது மட்டும் யாரையும் நம்பாதீர்கள். "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஆரம்பத்தில் அவர் அனுப்பிய கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். சாவி கைக்கு வந்து உங்கள் பெயரில் பதிவும் ஆனபின், லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் ப்ராப்பர்ட்டி அலர்ட் சேவையில் பெயர் கொடுத்து வையுங்கள். வேறு யாராவது உங்கள் வீட்டின் பதிவில் கைவைக்க முயன்றால் மெயில் வரும், காசு கிடையாது.