எல்எம்35 சென்சார் அறை வெப்பநிலையை 3, 4 டிகிரி கூட்டிக் காட்டுகிறது, எண்ணும் குதிக்கிறது. ஏன்?

சிப் கெட்டுப்போயிருக்கும் என்று உடனே மாற்றிவிடாதீர்கள். இந்தச் சிப் சுற்றியுள்ள காற்றை மட்டும் அளப்பதில்லை. அதன் கால்கள் வழியாக போர்டின் சூடும் உள்ளே வருகிறது. பக்கத்தில் வோல்டேஜ் ரெகுலேட்டர் இருந்தால் அதன் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். நானும் ஒருமுறை இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு, அரை நாள் புரோகிராமில் தப்பு தேடியிருக்கிறேன்! சென்சாரை போர்டின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். அதைச் சுற்றி போர்டில் ஒரு பிளவு வெட்டினால் இன்னும் நல்லது.

சரி, குதிப்புக்கு வருவோம். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். வோல்டேஜை எண்ணாக மாற்றும் 10 பிட் ஏடிசிக்கு 5 வோல்ட் ரெஃபரன்ஸ் (அது அளக்கும் உச்ச வோல்டேஜ்) கொடுத்தால் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாறினால் படி 0.1 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். 100 டிகிரி வரை அதுவே போதும்.

ஒயர் நீளமா? அதன் கெப்பாசிட்டன்ஸால் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தன்மையால்) அவுட்புட் அலையலாம். சிப்பின் அவுட்புட் காலுக்குப் பக்கத்திலேயே 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். அப்புறம், சப்ளை குறைந்தது 4 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட் போர்டில் நேரடியாக மாட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது.