ஓட்டப் பயிற்சியா, படிப்பா: மகளை அணியிலிருந்து நிறுத்த வேண்டுமா?

விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு விடியற்காலை 5 மணிக்கு ஓட்டம், இரவுப் படிப்பு நேரத்தில் நோட்டின் மேலேயே தூக்கம், கணக்கில் மதிப்பெண் சரிவு, அதனால் அணியை விட்டு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் தூக்கக் கணக்கைப் பாருங்கள். 13 முதல் 18 வயதுவரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விடுதியில் விளக்கணைப்பது பத்தரைக்கு, எழுவது நாலரைக்கு என்றால் ஆறு மணி நேரம்தான். இந்த வயதில் உடற்கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். சீக்கிரம் படு என்று திட்டிப் பயனில்லை. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான்.

வார்டனையும் பயிற்சியாளரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கணக்கைப் பகல் ஓய்வு வேளையில் போடட்டும். இரவில் எளிதான பாடம் போதும்.

அப்புறம், ஓடும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம். மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். அவளுக்கு ஓட ஆசை இருக்கிறதா என்றும் கேளுங்கள், நீங்கள் எழுதியதில் அது மட்டும் இல்லை.