நீச்சல் குளத்தில் தண்ணீர் குறைகிறதா? தளத்தை உடைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் தினமும் தண்ணீர் குறைகிறது. இது கசிவுதானா? எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாமே சரிசெய்ய முடியுமா?

கண்டுபிடிக்கலாம். பல கசிவுகளை நீங்களே அடைக்கவும் முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தரைக்கடியில் குழாய் போயிருக்கும், தளத்தை உடைத்தால்தான் தெரியும்" என்று யார் சொன்னாலும், அளந்து பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கான்கிரீட் குளத்தைப் பல வருடமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் அவர்கள் குளத்தையும் போய்ப் பார்ப்பேன். நான் பார்த்த வரை கசிவு பெரும்பாலும் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும் ஸ்கிம்மரின் வாய், விளக்குக் குழி, இல்லையென்றால் பம்ப் அறையில் ஏதாவது ஒரு வால்வு. சந்தேகம் மட்டும்தான் எடுத்த எடுப்பிலேயே மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது.

சரி, கசிகிறதா இல்லையா? திறந்து கிடக்கும் தண்ணீர் ஆவியாகத்தான் செய்யும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இறங்குவது சாதாரணம். காற்று பலமாக அடித்தாலோ ஈரப்பதம் குறைவாக இருந்தாலோ இன்னும் கூடும். அருவி, நீரூற்று என்று எதையாவது ஓடவிட்டிருந்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. சூடுபடுத்திய குளத்தில் குளிரான இரவிலும் நிறைய ஆவியாகும். "ராத்திரியில்தான் குறைகிறது, அதனால் கசிவு" என்ற கணக்கு அங்கே செல்லாது. லிட்டரில் கணக்குப் போட்டாலும் பயம்தான் வரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்தில் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர். 6 மில்லிமீட்டர் என்றால் 190 லிட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவும் வெயிலில் போனதாகவே இருக்கலாம்.

இதைத் தீர்த்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். குளத்துத் தண்ணீரையே அதில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி, நகராமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் மேல்படியில் வையுங்கள். வாளிக்குள் இருக்கும் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். வாளியின் உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு. வாளி குளத்துக்குள்ளேயே நிற்பதால் இரண்டு தண்ணீருக்கும் ஒரே சூடு, ஒரே வெயில். 24 மணி நேரம் கழித்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் அது ஆவியாதல்தான். வெளிக்கோட்டிலிருந்து தெளிவாக அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. 1 மில்லிமீட்டர் வித்தியாசத்தை நம்ப வேண்டாம், மறுநாளும் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் குளிக்கக் கூடாது, பேக்வாஷ் (ஃபில்டரைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்யக் கூடாது, மழை பெய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தானாகத் தண்ணீர் நிரப்பும் மிதவை வால்வு இருந்தால் அதை மூடிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கசிவைப் பல மாதம் மறைத்து வைப்பதே இந்த வால்வுதான். குளம் நிறைந்தே இருக்கும், தண்ணீர் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாளி இல்லாமலே துப்புக் கொடுக்கும் இன்னொன்றும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. தண்ணீர் ஆவியாகலாம், உப்பு ஆவியாகாது. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்புக் குளோரினேட்டர் வைத்த குளத்தில் மழையும் இல்லாமல், பேக்வாஷும் இல்லாமல் உப்பு அளவு வாரத்துக்கு வாரம் இறங்கினால், உப்புத் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது, நீங்கள் நல்ல தண்ணீரை ஊற்றி ஈடுகட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உப்பு போடாத குளமாக இருந்தால் குளோரினை வெயில் அழிக்காமல் காக்கும் ஸ்டெபிலைசரின் அளவைப் பாருங்கள். அது மெதுவாகச் சிதையக்கூடியதுதான் என்றாலும், மளமளவென்று இறங்கினால் காரணம் வேறு.

கசிவு உறுதியானதும் அதே வாளிச் சோதனையை ஒரு நாள் பம்பை ஓடவிட்டும், ஒரு நாள் நிறுத்தியும் செய்யுங்கள். பாதி விடை இதிலேயே வந்துவிடும். பம்ப் ஓடும்போது குளத்துக்குத் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களில் அழுத்தம் ஏறும். உறிஞ்சும் குழாய்களில் அழுத்தம் குறையும். ஆகவே பம்ப் ஓடும்போது அதிகம் போனால் சந்தேகம் ரிட்டர்ன் பக்கம். நிறுத்தியிருக்கும்போது அதிகம் போனால் உறிஞ்சும் பக்கம். அந்தக் குழாயில் ஓட்டை இருந்தால் பம்ப் ஓடும்போது தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே வரும். ரிட்டர்ன் வாயில் விடாமல் குமிழி வருகிறதா, பம்பின் கூடை முழுவதும் நிரம்பாமல் காற்று தங்குகிறதா என்று பாருங்கள். பம்ப் மூடியின் ஓ-ரிங் தளர்ந்திருந்தாலும் இதே குமிழிதான் வரும், அதனால் முதலில் அதைக் கழற்றித் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். இரண்டு நாளும் ஒரே அளவு போனால் குளத்தின் உடம்பிலேயே, அதாவது சுவர், தரை, பொருத்துகள், விளக்கு இவற்றில் எங்கோ கசிகிறது.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் பம்ப் அறையைப் பார்த்துவிடுங்கள். பம்புக்கு அடியில் ஈரம் இருந்தால் தண்டைச் சுற்றியுள்ள மெக்கானிக்கல் சீல் தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் இந்த அறையில் ஒரு கசிவு கண்ணுக்கே தெரியாது. மணல் ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வுக்குள் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். அது கிழிந்தாலோ, அதில் மணல் மாட்டிக்கொண்டாலோ, கைப்பிடி ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் குழாய் நேரே சாக்கடையில் சேர்வதால் தரை நனையாது. கழிவுக் குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, பம்ப் ஓடும்போது அதிலிருந்து சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் கேஸ்கெட்டை மாற்றினால் போதும்.

அங்கேயும் எதுவும் இல்லை என்றால், தண்ணீரே இடத்தைக் காட்டட்டும். பம்பை நிறுத்திவிட்டு, மேலே ஊற்றாமல், மட்டம் தானாக எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்பில் நின்றால் ஸ்கிம்மரோ அதன் குழாயோ. விளக்கின் உயரத்தில் நின்றால் விளக்கு. ரிட்டர்ன் வாய் வெளியே தெரிந்ததும் நின்றால் அந்தக் குழாய். குழாய் எவ்வளவு ஆழத்தில் உடைந்திருந்தாலும், குளத்துக்குள் இருக்கும் அதன் வாய் காற்றில் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு தண்ணீர் போக வழி இல்லை. எந்தப் பொருத்தும் இல்லாத உயரத்தில் நின்றால் அந்த மட்டத்திலேயே சுவரைச் சுற்றி விரிசல் தேடுங்கள். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அடியில் இருக்கும் உறிஞ்சு வாயான மெயின் டிரெயின் அல்லது தரை.

இந்த முறையில் ஒரு எச்சரிக்கை. விளக்கு மட்டத்துக்குக் கீழேயும் இறங்கினால் விட்டுவைக்காதீர்கள், மறுபடி நிரப்பிவிடுங்கள். குளத்தை முழுக்கக் காலி செய்து பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளத்தை அந்த நீர் அடியிலிருந்து தூக்கும். ஃபைபர்கிளாஸ் தொட்டி மேலே எழும்பிவிடும், சுவர் உள்ளே பிதுங்கும். கான்கிரீட் குளம்கூட மொத்தமாக எழும்பியது உண்டு. குளத்தின் உள்பக்கம் விரித்திருக்கும் பிளாஸ்டிக் உறையான வினைல் லைனர் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் சுருங்கி, திரும்ப நிரப்பும்போது கிழியும். கசிவை விடப் பெரிய செலவு இதில்தான் இருக்கிறது.

இடம் ஓரளவு தெரிந்த பிறகு சாயச் சோதனை. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். சமையலுக்குப் போடும் அடர்ந்த திரவ நிறமி, ஊசி கழற்றிய ஒரு சிரிஞ்ச், நீந்தும்போது போடும் கண்ணாடி, இவ்வளவுதான் வேண்டும். பம்பை நிறுத்திக் குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். காற்று அடிக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளத்துக்குள்ளும் மெதுவாகத்தான் இறங்க வேண்டும், நம் கை அசைவே சாயத்தைக் கலைத்துவிடும். ஸ்கிம்மரின் பிளாஸ்டிக் வாயும் குளத்தின் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு ஒரு கோடு தெரியும். சிரிஞ்ச் முனையை அந்தக் கோட்டில் ஒட்டாமல், ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கசிவு இல்லையென்றால் சாயம் அப்படியே தொங்கி நின்று மெல்லக் கரையும். இருந்தால் ஒரு கணம் தயங்கிவிட்டு, நீண்டு மெலிந்து அந்தக் கோட்டுக்குள் போய் மறையும். சின்னக் கசிவானால் நிதானமாகப் போகும், பொறுமை வேண்டும். பிதுக்கித் தள்ளினால் சாயம் எல்லா ஓட்டையிலும் போவது போலத்தான் தெரியும், அந்த முடிவை நம்பக் கூடாது. கண்டுபிடித்த இடத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டு அப்புறம் அடுத்த இடம்: ரிட்டர்ன் வளையங்கள், படிகளின் மூலை, டைல்ஸ் இடுக்கு, விளக்கைச் சுற்றி. மெயின் டிரெயின் பக்கம் போவதாக இருந்தால் பம்ப் நிற்கிறது என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடும் பம்பின் உறிஞ்சு வாய் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூடி உடைந்திருந்தால் இன்னும் ஆபத்து.

விளக்கைத் தொடும் முன் பிரேக்கரை அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வகை விளக்குகளைச் சுற்றித் தண்ணீர் நிற்பது இயல்புதான், அவற்றின் குழி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கசிவது குழியின் பின்பக்கம், மின்கம்பி உள்ளே போகும் குழாயில். மேலே இருக்கும் திருகைக் கழற்றினால் விளக்கு வெளியே வரும். பொதுவாகக் கரையில் தூக்கி வைக்கிற அளவுக்குக் கம்பி உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கம்பிக் குழாயின் வாயில் சாயம் உள்ளே போனால் கம்பியைச் சுற்றி எபாக்சி புட்டியை அழுத்தி அடைத்துவிடலாம். கம்பியை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். கம்பியே பழுதாகியிருந்தால் மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஸ்கிம்மர் இடுக்குக்கும் அதே புட்டிதான். தண்ணீருக்கு அடியிலேயே இறுகும் இரண்டு பகுதி எபாக்சி புட்டி என்று கேட்டு வாங்குங்கள். பழைய தளர்ந்த காரையைச் சுரண்டி எடுத்து, பாசியைப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு, இரண்டையும் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து இடுக்குக்குள் கட்டை விரலால் அழுத்த வேண்டும். மேலே பூசி வைத்தால் சீக்கிரம் உரிந்து வந்துவிடும். வினைல் லைனரில் சின்ன ஓட்டை என்றால் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பசையும் வினைல் துண்டும் கிடைக்கும். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும். ஃபைபர்கிளாஸில் சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் மேல்பூச்சில் மட்டுமே இருக்கும், சாயம் உள்ளே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

கான்கிரீட் விரிசல் வேறு ரகம். பூச்சில் மட்டும் இருக்கிற மெல்லிய விரிசலைச் செதுக்கி அகலப்படுத்தி, புட்டியால் நிரப்பினால் நிற்கும். விரிசல் ஒரு சுவரிலிருந்து தரை வழியாக எதிர்ச்சுவருக்கு ஓடினாலோ, அதன் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டாலோ, அடியில் மண் நகர்ந்திருக்கிறது. அதன் மேல் எதைப் பூசினாலும் மறுபடி திறக்கும். கட்டுமானம் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டிய விஷயம் அது.

எல்லாச் சோதனையும் புதைந்த குழாயைத்தான் காட்டுகிறது என்றால், அடுத்தது அழுத்தச் சோதனை. குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, தண்ணீரால் அழுத்தம் ஏற்றி, மானியில் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதை நானே செய்வதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். குறிப்பாகக் காற்றுக் கம்ப்ரசரை வைத்து வீட்டில் முயலாதீர்கள். அழுத்திய காற்று விடுபட்டால் அடைப்பான் தெறித்து முகத்தில் அடிக்கும். இதற்கென்று வருபவர்கள் எந்தக் குழாய் என்று முடிவு செய்த பிறகு, தரையில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டு உடைந்த இடத்தை ஓரளவு நெருங்கிவிடுவார்கள். அதன் பிறகு அந்த இடத்தில் மட்டும் தோண்டினால் போதும். வரும் ஆளிடம் உங்கள் வாளி அளவுகளைக் கொடுங்கள். எந்தக் குழாயில் ஆரம்பிப்பது என்று அவருக்கு உடனே தெரியும். அதைப் பார்க்காமலே உடைக்கும் கூலி பேச ஆரம்பித்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது.

குளத்தில் ஊற்றினால் தானே கசிவை அடைத்துவிடும் என்று விற்கும் திரவங்களைப் பற்றியும் கேட்பீர்கள். சிறிய கசிவில் சில நேரம் பலன் தரும், ஆனால் கசிவைத் தேடிப் போகும் அதே பொருள் ஃபில்டரிலும் படியும். எட்ட முடியாத இடத்துக்குக் கடைசி வழியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்த பிறகு புட்டி இறுகுவதற்கு அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, வாளியை மறுபடி படியில் வையுங்கள். ஒரே குளத்தில் இரண்டு கசிவு இருப்பது அபூர்வம் இல்லை. பெரியதை அடைத்தால்தான் சின்னது தெரியும். அளவு சரியாக வந்ததும் குளோரின், காரத்தன்மை, ஸ்டெபிலைசர் மூன்றையும் புதிதாக அளந்து போடுங்கள், இத்தனை நாள் ஊற்றிய நல்ல தண்ணீர் எல்லாவற்றையும் நீர்க்க வைத்திருக்கும்.