பேய் விருந்துக்குப் பரங்கிக்காயும் சுண்ணாம்பும்

இலையுதிர் காலத்தில் நண்பர்களையும் உறவினர்களையும் அழைத்து வீட்டிலேயே ஒரு பேய் விருந்து வைக்க விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோழவந்தானில் எங்கள் பழைய வீட்டில் இரண்டு ஆண்டுகளாக நான் இதை நடத்தி வருகிறேன். முதல் ஆண்டு ஏறக்குறைய எல்லாமே தவறாகப் போனது என்பதால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் நாளைப் பாருங்கள். மேல்நாட்டில் ஹாலோவீன் என்று கொண்டாடப்படும் இது அக்டோபர் 31 இரவு. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் வேளையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் கெல்டிய மக்கள் கொண்டாடிய பழைய விழாவும், நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் திருநாளின் முன்னிரவும் சேர்ந்து உருவான வழக்கம் அது. நமக்கோ அது ஐப்பசி அடைமழைக் காலம். மதுரை வட்டாரத்துக்கு மிகுதியாக மழை கிடைப்பது அக்டோபரில்தான் என்பதால், மொட்டை மாடியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அக்டோபர் 30 தேவர் குருபூஜை நாள். கோரிப்பாளையத்தை ஒட்டிய சாலைகளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், வெளியூர் விருந்தினர் வந்து சேரவே இரவாகிவிடும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கிறித்தவ நண்பர்கள் தங்கள் வீட்டாரின் கல்லறைகளுக்குப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி மன்றாடுவார்கள். அந்த நாளில் எலும்புக்கூட்டுப் பொம்மையைத் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னதாக ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாலை 6 மணியளவிலேயே இருட்டிவிடுவதால், 9 மணிக்கெல்லாம் முடித்துவிடலாம்.

அடுத்தது வேடம். முதல் ஆண்டில் என் சித்தப்பா மகன் கறுப்பு வேட்டி கட்டி, பெரிய மீசை ஒட்டி, அட்டையில் செய்த அரிவாளோடு கருப்பசாமியைப் போல வந்து நின்றான். நாங்கள் சிரித்தோம், அப்பத்தா அன்றிரவு சாப்பிடவே இல்லை. "காவல் சாமியப் பேயின்னு சொன்னா அப்புறம் ஊரைக் காக்கிறது யாருடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம். அழகர்கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பன் முன்னால் நின்று வழக்குத் தீர்த்துக்கொண்டவர்களும், பாண்டி முனீஸ்வரருக்குக் கிடாய் வெட்டியவர்களும் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். கருப்பு, முனி, பேச்சி ஆகிய மூவரும் இந்தப் பக்கத்தில் தெய்வங்கள். கொள்ளிவாய்ப் பேய், மோகினி, குட்டிச்சாத்தான் என்று போட்டுக்கொள்ள வேடங்களுக்கா பஞ்சம்? அழைப்பிலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். அண்மையில் இறப்பு நேர்ந்த வீட்டாரை அழைப்பதாக இருந்தால், என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, வருவதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது முறை.

அலங்காரத்துக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. பரங்கிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பது அமெரிக்காவில் பரவிய பழக்கம். அதற்கு முன் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். நமக்கும் இது புதிதன்று. புது வீட்டு வாசலில் கோரைப்பல்லும் உருட்டு விழியும் தீட்டிக் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்! காய்கறிக் கடைகளில் பரங்கியைக் கீற்றாக அறுத்துத்தான் வைத்திருப்பார்கள் என்பதால், மாட்டுத்தாவணிச் சந்தையில் முழுக்காயாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு கிலோ எடையுள்ளது போதும். விருந்தன்று காலையில் செதுக்குவதே சரி. முதல் ஆண்டில் மூன்று நாள் முன்னதாகவே செதுக்கி வைத்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பூசணம் பிடித்து, வாய் உள்ளே மடிந்து, பல் போன கிழவனாகிவிட்டது. குடைந்தெடுத்த சதையில் தட்டைப்பயறு போட்டுப் புளிக்குழம்பு வைத்துவிடலாம். உள்ளே மெழுகுவத்திக்குப் பதிலாகப் பேட்டரி விளக்கை வையுங்கள். வேட உடைகள் பெரும்பாலும் நைலானாக இருப்பதால், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வெண்புகைக்காக உலர்பனிக்கட்டி வாங்கச் சொல்லிச் சிலர் யோசனை கூறுவார்கள். அது உறைந்த கரியமில வாயு. மூடிய அறையில் மூச்சுத் திணறும், வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது வேண்டாம்.

பேய்க்கு என்ன சமைப்பது என்பதற்குத் தமிழில் பழைய விடையே இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்து உண்பதற்குத் தனிப் பகுதியே உண்டு. அதை நினைத்து, மண்பானையில் இளஞ்சூடாகக் கம்பங்கூழ் வைத்து அகப்பையால் ஊற்றினோம். மழையிரவுக்கு அது நன்றாகவே இருந்தது. கண்ணுக்கு நுங்குதான் பொருத்தம், ஆனால் ஐப்பசியில் நுங்குக்கு எங்கே போவது? வெள்ளைப் பணியாரத்தின் நடுவே கறுப்புத் திராட்சை ஒன்றைப் பதித்து, சுற்றிலும் பீட்ரூட் சாற்றை நரம்பு போல இழுத்துவிட்டால் அச்சு அசலாகக் கண்தான். பிடி கொழுக்கட்டையில் விரல் தடம் ஏற்கெனவே இருக்கும். நுனியில் அரை முந்திரியை நகமாகச் செருகினால் விரல் ஆகிவிடுகிறது. குழந்தைகளை வாயடைக்கச் செய்தது சர்பத்துதான். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரை கலந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். அவர்களே எலுமிச்சம்பழத்தைப் பிழியட்டும். புளிப்புப் பட்டவுடன் நீலம் ஊதாவாக மாறுவதைக் கண்டு என் அக்காள் மகள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

ஆனால் விருந்து நிற்பதும் விழுவதும் கதையில்தான். எங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர் போனது, புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே, ஒற்றையாகப் போகும் வண்டிக்காரரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் மோகினியின் கதையை எங்கள் பெரியப்பாவைச் சொல்லச் சொன்னோம். விரலால் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். பாக்குவெட்டி நுனியில் வைத்து நீட்டினால் இரும்புக்குப் பயந்து விலகிப்போவாள். பெரியப்பா அவசரமே இல்லாமல் ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, "யாருக்கு வேணும்?" என்று இருட்டைப் பார்த்து நீட்டும் அந்த நொடியில் நான் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அணைத்தேன். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி, எல்லா விளக்கையும் மறுபடி எரியவிட்டது. மோகினி வேடத்தில் தூணுக்குப் பின்னால் நின்ற மதினியைப் பார்த்து, "சுண்ணாம்பு தீந்துபோச்சு, தாயி" என்று பெரியப்பா சொன்னார். மறு ஆண்டு இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்தேன், ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மட்டும் கதைக்கு முன்பே சாப்பிடவைத்து உள்ளறையில் பாட்டியோடு உட்காரவைத்துவிடுங்கள். பயந்த குழந்தை அன்றிரவு தூங்காது. அதன் தாயும் அடுத்த முறை வரமாட்டாள்.

இரண்டாம் ஆண்டு விருந்து முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பத்தா கல்லுப்பும் வரமிளகாயுமாக வெளியே வந்தார். வேடம் போட்டவர், பயந்தவர், பயமுறுத்தியவர் என அத்தனை பேரையும் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்துச் சுற்றிப் போட்டு, மிளகாயை அடுப்பில் போட்டார். நெடி ஏறவில்லை என்றும், அவ்வளவு கண்ணேறு பட்டிருக்கிறது என்றும் அவர் சொல்ல, நாங்கள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டு அழைப்பில் "இரவு 8.45: அப்பத்தா சுற்றிப் போடுதல்" என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன்.